ஒரே சேவலை நம்ப வேண்டாம்: நாட்டுக்கோழி கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன: கோழி இருக்கிறது, முன்பு இருந்த தரம் இல்லை. அதனால் தீவனம், கொட்டகை பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இனவிருத்தி பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நத்தம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் இருப்பவை சிறுவிடைகள், அதாவது சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழிகள். என் மாமியார் வளர்த்து, அவரிடமிருந்து என் கைக்கு வந்த வழி. கனத்த உடம்புள்ள பெருவிடை, கிளி போல் வளைந்த அலகுள்ள கிளிமூக்கு பற்றிச் சொல்வதெல்லாம் அவற்றை வளர்க்கும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களிடம் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டவை.

அக்கா, ஆறு வருடத்துக்கு முன் பத்துச் சிறுவிடைப் பெட்டையும் ஒரு சேவலும் வாங்கினேன். அதற்குப் பிறகு வெளியிலிருந்து எதுவும் வாங்கவில்லை. எல்லாம் வீட்டுக் குஞ்சுகள்தான். இப்போது பன்னிரண்டு முட்டை வைத்தால் ஐந்தாறுதான் பொரிக்கிறது. குஞ்சுகளும் சவலையாக இருக்கின்றன. என்ன மருந்து கொடுக்கலாம்?
வாசகர், ஒட்டன்சத்திரம்

மருந்து வேண்டாம் தம்பி. சேவல் வேண்டும், அதுவும் ஒன்றுக்கு மேல்.

அதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அடை வைத்த ஏழாம் நாள் இரவில் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கைப்பேசி விளக்கின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து கிளை பிரியும் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் அது கருக்கூடாத முட்டை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு உண்டாகிச் செத்துவிட்டது என்று பொருள். தெளிந்த முட்டைகள்தான் அதிகம் என்றால் சேவலுக்கு வயதாகியிருக்கலாம், அல்லது அதன் பங்குக்குப் பெட்டைகள் கூடிப்போயிருக்கலாம். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பதை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். வளையம் விழுந்த முட்டையும், ஓட்டுக்குள்ளேயே செத்த முழுக் குஞ்சும்தான் அதிகம் என்றால், முட்டை பழையதா, தாய்க்குச் சத்து போதுமா என்று முதலில் பாருங்கள். அவை சரியாக இருந்தால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது நெருங்கிய ரத்தம், அதாவது உறவுக்குள்ளேயே சேர்வது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு இதுதான் என்று படுகிறது.

கணக்கைப் பாருங்கள். பத்துப் பெட்டை, ஒரு சேவல் என்றால் கொட்டகையில் 11 தலை. ஆனால் பிறக்கும் எல்லாக் குஞ்சுக்கும் அப்பன் அந்த ஒரே சேவல். அடுத்த தலைமுறையில் யாரை யாரோடு சேர்த்தாலும் அண்ணன் தங்கைதான். இதை அளக்க இனவிருத்தி படித்தவர்களிடம் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. சேவல் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, அதை மறுபடி நான்கால் பெருக்கி, மொத்தத் தலையால் வகுக்க வேண்டும். உங்கள் கணக்கில் 40ஐ 11ஆல் வகுத்தால் 3.6. அதாவது, ரத்த வழியில் பார்த்தால் உங்களிடம் இருப்பது நான்கு கோழிக்கும் குறைவு. தலைமுறைக்குத் தலைமுறை ரத்த நெருக்கம் சுமார் 14 சதவீதம் ஏறும்.

சரி, பெட்டையை இருபதாக்கினால்? 80ஐ 21ஆல் வகுக்க வேண்டும், 3.8. ஒன்றும் மாறவில்லை. அதே பத்துப் பெட்டைக்கு மூன்று சேவல் வைத்தால் 120ஐ 13ஆல் வகுக்கிறோம், 9.2 வருகிறது. ஏற்றம் சுமார் 5.4 சதவீதமாக இறங்கிவிடுகிறது. கூடுதலாக இரண்டு சேவல் தின்னும் தீவனச் செலவுக்கு இவ்வளவு பெரிய பலன் வேறு எதிலும் கிடைக்காது. "சேவல் சும்மா தின்கிறது" என்று அறுத்துவிடும் வீடுகளில்தான் மந்தை சீக்கிரம் நலிகிறது.

நெருங்கிய ரத்தம் முதலில் கெடுப்பது பொரிப்பை. அப்புறம் குஞ்சு பிழைப்பதை, அப்புறம் முட்டை எண்ணிக்கையை. நிறமும் வாலும் கொண்டையும் கடைசிவரை அழகாகவே இருக்கும். அதனால்தான் சேவலைப் பார்த்து ரசிக்கிறவருக்கு விஷயம் தெரிவதே இல்லை, குஞ்சை எண்ணுகிறவருக்குத்தான் தெரிகிறது. நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். அதுவே பாதி வேலை.

நல்ல செய்தி என்னவென்றால், வேறு ரத்தச் சேவல் வந்த முதல் தலைமுறையிலேயே குஞ்சுகளுக்குத் திடம் திரும்பும். உங்கள் ஊரிலிருந்து இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி, கோழி இன்னும் வாசலில் மேயும் ஊர்களில் தேடுங்கள். இரண்டு மூன்று வீட்டில், வீட்டுக்கு ஒன்றாக வாங்குங்கள். சேவலை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அதன் தாயைக் காட்டச் சொல்லுங்கள், எத்தனை குஞ்சை வளர்த்தாள் என்று கேளுங்கள். சந்தையில் வாங்க வேண்டாம், நோயையும் சேர்த்துக் கொண்டுவருவீர்கள். எங்கே வாங்கினாலும் மூன்று வாரம் தனியாக அடைத்து வைத்துவிட்டுத்தான் உங்கள் கோழிகளோடு சேர்க்க வேண்டும்.

மூன்று குடும்பமாகப் பிரித்து வளர்த்தால் ரத்தம் நெருங்காது என்கிறார்கள். அது எப்படி? எங்களுடையது திறந்த மேய்ச்சல், மூன்று கொட்டகை கட்ட வசதி இல்லை.
வாசகி, மணப்பாறை

முறையைச் சொல்லிவிட்டு, வசதி இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கு வருகிறேன்.

பெட்டைகளை மூன்று கூட்டமாகப் பிரித்து, காலில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வளையம் மாட்டுங்கள். சிவப்புப் பெட்டைக்குப் பிறக்கும் பெண் குஞ்சு எப்போதும் சிவப்பு. அது தாயின் கூட்டத்திலேயே இருக்கும். பிறக்கும் ஆண் குஞ்சுகளில் நீங்கள் தேர்ந்தெடுப்பது மட்டும் கூட்டம் மாறும்: சிவப்பின் மகன் மஞ்சளுக்கு, மஞ்சளின் மகன் நீலத்துக்கு, நீலத்தின் மகன் சிவப்புக்கு. வருடாவருடம் இதே சுற்று. உடன்பிறந்தவை ஒருபோதும் சேராது. கூட்டத்துக்கு ஆறேழு பெட்டையும் ஒன்றிரண்டு சேவலும் இருந்தால் வெளி ரத்தம் இல்லாமலே நெடுங்காலம் ஓட்டலாம்.

வருடம் முழுவதும் பிரித்து வைக்கத் தேவையில்லை. அடைக்கு முட்டை சேர்க்கும் பருவத்தில் மட்டும் பிரித்தால் போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை. சேவலின் விந்தணுவைப் பெட்டை தன் உடம்புக்குள்ளேயே இரண்டு மூன்று வாரம் உயிரோடு வைத்திருக்கும். இன்று சேவலை மாற்றிவிட்டு நாளை இடும் முட்டையை எடுத்து வைத்தால், அது பழைய சேவலின் குஞ்சாகத்தான் இருக்கும். மாற்றிய பிறகு மூன்று வாரம் வரும் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதன் பிறகு வருவதை அடைக்குச் சேருங்கள். இது தெரியாமல் "புதுச் சேவலின் குஞ்சு பழையது போலவே இருக்கிறதே" என்று சேவலை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குஞ்சுக்கு வளையம் நிற்காது. காலில் முன்பக்கம் மூன்று விரல், அவற்றுக்கு நடுவில் இரண்டு சவ்வு. இரண்டு காலுக்கும் சேர்த்து நான்கு சவ்வு. பொரித்த அன்றோ மறுநாளோ சின்னத் துளைக்கருவியால் சவ்வில் ஒரு ஓட்டை போட்டுவிட்டால் ஆயுளுக்கும் அடையாளம். எந்தச் சவ்வில் ஓட்டை, எதில் இல்லை என்று மாற்றி மாற்றிப் போட்டால் 16 அடையாளம் வரும். கருவியைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்துவிட்டுப் போடுங்கள். எங்கள் தோப்பில் எல்லாக் குஞ்சுக்கும் இப்படித்தான். அடையாளத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். தாய் எது, தகப்பன் எந்தக் கூட்டம், எத்தனை முட்டை வைத்து எத்தனை பொரித்தது, பன்னிரண்டு வாரத்தில் எத்தனை உயிரோடு இருந்தது. இவ்வளவுதான் எழுதுவேன். இதற்கு மேல் எழுத ஆரம்பித்தால் நோட்டு பாதியில் நின்றுவிடும்.

மூன்று கூட்டம் உங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வீடு சிவப்பு, அண்ணன் வீடு மஞ்சள், பக்கத்து ஊரில் தோழி வீடு நீலம் என்று வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை சேவலை மட்டும் கைமாற்றிக்கொள்ளுங்கள். ஆடு மாடு போலவே கோழியையும் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடும் வழக்கம் நம் ஊர்களில் இருந்ததே, நினைவிருக்கிறதா? பெட்டையைக் கொடுத்து வளர்க்கச் சொல்லி, வரும் குஞ்சில் பங்கு வாங்கிக்கொள்வார்கள். என் மாமியார் நாலைந்து வீட்டில் அப்படி விட்டிருந்தார். ஒரு வருடம் எங்கள் வீட்டில் நோய் வந்து எல்லாம் போனபோது அந்த வீடுகளிலிருந்துதான் எங்கள் ரத்தம் எங்களுக்கே திரும்பி வந்தது. இன்றைக்கும் நான் இரண்டு வீட்டில் விட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் விடுங்கள்.

எடை கூடட்டும் என்று சிறுவிடைகளோடு கிரிராஜா சேவலை விட்டேன். முதல் குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன. அவற்றின் குஞ்சுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கின்றன. முட்டை இடுகின்றன, ஆனால் பல பெட்டைகள் அடை உட்காரவே மாட்டேன் என்கின்றன. இதை எப்படிச் சரிசெய்வது?
வாசகர், ராசிபுரம்

பெங்களூரில் உருவான கிரிராஜா, ஹைதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா, நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தந்த நந்தனம், நாமக்கல் கோழிகள் எல்லாமே புறக்கடையில் கறியும் முட்டையும் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்று திட்டமிட்டு உருவாக்கியவை. அந்த வேலையை அவை செய்கின்றன. குஞ்சாக வாங்கி, வளர்த்து, விற்றுவிட்டு மறுபடி குஞ்சு வாங்குகிறவருக்கு அவை சரி. உங்கள் சிறுவிடை வழிக்குத் தகப்பனாக வைப்பதற்கு அவை ஏற்றவை அல்ல.

முதல் தலைமுறை நன்றாக வந்ததற்குக் காரணம் தூரத்து ரத்தங்கள் சேர்ந்த வேகம். அந்த வேகம் அப்படியே அடுத்த தலைமுறைக்கு இறங்காது. இரண்டாம் தலைமுறையில் குணங்கள் பிரிந்து, கால் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம் என்று கலைந்து வரும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். அடை உட்காரும் குணமும் ரத்தத்தில் வருவது. அடை உட்காரும் நாளெல்லாம் முட்டை நஷ்டம் என்று பண்ணைக்காரர்கள் அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். வெள்ளை லெகார்ன் அடை உட்காருவது அபூர்வம். உங்கள் பெட்டைகள் பாதி அந்தப் பக்கம் போய்விட்டன.

இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. சிறுவிடைப் பெட்டை வருடத்துக்கு 50 முதல் 80 முட்டைதான் இடும் என்று குறையாகப் பேசுகிறார்கள். அந்த முட்டையில் தானே உட்கார்ந்து, 21 நாள் காத்து, குஞ்சைக் கூட்டிக்கொண்டு குப்பையைக் கிளறித் தீனி காட்டி, பருந்து நிழல் விழுந்தவுடன் குரல் கொடுத்து றெக்கைக்குள் சேர்த்துக்கொள்கிறாளே, அந்த உழைப்பை யார் கணக்கில் சேர்த்தார்கள்? பொரிப்பான் இல்லை, மின்சாரம் இல்லை, குஞ்சுக் கொட்டகை இல்லை. எங்களிடம் ஒரு புள்ளிப் பெட்டை இருக்கிறாள். வைக்கோல் போருக்கு அடியில் அவளாகவே முட்டை வைத்து, அவளாகவே பொரித்துக் கூட்டிக்கொண்டு வருவாள். எடை ஒன்றேகால் கிலோ இருந்தால் அதிகம். அவளுடைய மகன்களைத்தான் நான் முதலில் சேவலுக்குப் பார்ப்பேன். இரண்டரை மூன்று கிலோ பெருவிடைப் பெட்டைகள் பல நல்ல தாய்கள்தான், ஆனால் உடல் கனத்தில் முட்டை நொறுங்குவது அவற்றில் அதிகம். சிறுவிடையின் சிறிய உடம்பு ஒரு குறை என்று எண்ண வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. கலப்புக் குஞ்சுகளைக் கறிக்கு வளர்த்து விற்றுவிடுங்கள். பழைய சிறுவிடைப் பெட்டைகள் மிச்சம் இருந்தால் அவற்றைத் தனியாக எடுத்து, வேறு ஊர்ச் சிறுவிடைச் சேவலோடு சேர்த்து அங்கிருந்து தொடங்குங்கள். மிச்சம் இல்லையென்றால், கலப்பில் அடை உட்கார்ந்து குஞ்சு வளர்த்த பெட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, நான்கைந்து தலைமுறைக்குத் தொடர்ந்து சிறுவிடைச் சேவலையே விடுங்கள். தலைமுறைக்குப் பாதியாக அந்நிய ரத்தம் குறையும். எடை கூட வேண்டுமானால் அதற்கும் சிறுவிடைக்குள்ளேயே வழி உண்டு. ஒரே வாரத்தில் பொரித்த சேவல் குஞ்சுகளைப் பன்னிரண்டாம் வாரம் தராசில் நிறுத்து, கனத்த இரண்டு மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். எடை பெற்றோரிடமிருந்து நன்றாகவே இறங்கும் குணம், சில தலைமுறையில் வித்தியாசம் தெரியும். வெவ்வேறு மாதத்தில் பொரித்ததை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் மட்டும் ஏமாந்துபோவீர்கள்.

தாய்க்கோழிக்கு எந்தப் பெட்டையை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது? பார்த்தே சொல்ல முடியுமா?
வாசகி, மேலூர்

பாதி பார்த்துச் சொல்லலாம், பாதி தடவிப் பார்த்துத்தான். பெட்டையைக் கையில் எடுத்து, எச்சத்துவாரத்துக்கு இரு பக்கமும் உள்ள இடுப்பெலும்பு முனைகளைத் தொடுங்கள். முட்டையிடும் பெட்டைக்கு நடுவில் இரண்டு மூன்று விரல் நுழையும், எலும்பு முனை மெல்லியதாக வளைந்து கொடுக்கும். ஒரு விரல்கூட நுழையாமல் கெட்டியாக இருந்தால் அவள் இப்போது இடவில்லை. அடையில் இருப்பவளும் இறகு உதிர்ப்பவளும் இப்படித்தான் இருப்பார்கள், அவசரப்பட்டுக் கழித்துவிடாதீர்கள். நெஞ்செலும்பு நேராக இருக்கிறதா, விரல்கள் கோணாமல் இருக்கின்றனவா, மேலலகும் கீழலகும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மேலலகும் கீழலகும் கத்தரிக்கோல் போல் குறுக்கே போகும் குஞ்சு பிறந்தால் அதை மட்டுமல்ல, அதன் பெற்றோரையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

என் வழக்கம், இரண்டு வயது தாண்டாத பெட்டையின் மகனைச் சேவலுக்கு வைப்பதில்லை. இரண்டு மழைக்காலமும் இரண்டு கோடையும் தாண்டி, நோயில் விழாமல், கீரிக்கும் காக்கைக்கும் தப்பி, இன்னும் முட்டையிட்டு அடை உட்காருகிறாள் என்றால் அதைவிடப் பெரிய சான்று ஒரு கோழிக்கு வேறென்ன வேண்டும்? இளம் வெடைக்கோழி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அவள் இன்னும் எதையும் காட்டவில்லை. பொரிப்பும் முட்டை எண்ணிக்கையும் ரத்தத்தில் மெதுவாகத்தான் இறங்கும் குணங்கள். ஒரு கோழியை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் ஏமாற்றும். தாய், அக்கா, தங்கை என்று குடும்பமே நன்றாக இருக்கிறதா என்று பார்த்து அந்தக் குடும்பத்திலிருந்து எடுங்கள்.

படிந்த கொண்டை உள்ள பெருவிடைச் சேவலும் அதேபோல் கொண்டை உள்ள பெட்டையும் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். குஞ்சுகளில் இரண்டுக்குப் பல் பல்லாக நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை வந்திருக்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
வாசகர், வேடசந்தூர்

அதை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. படிந்த கொண்டை ஓங்கும் குணம், ஒற்றைக் கொண்டை ஒளிந்து நிற்கும் குணம். தாயும் தகப்பனும் ஒற்றைக் கொண்டையை உள்ளே சுமந்துகொண்டு வெளியே படிந்த கொண்டையோடு இருக்கலாம். அப்படி இரண்டு சேர்ந்தால் நாலில் ஒரு குஞ்சுக்கு ஒற்றைக் கொண்டை வரும். எப்போதோ ஒரு முன்னோர் வழியாக வந்திருக்கும், விற்றவருக்கே தெரியாமலும் இருக்கலாம். ஒற்றைக் கொண்டைக் குஞ்சுகளை மட்டும் கழித்தால் இது போகாது. சுமப்பவை உள்ளேயே இருக்கும்.

சுமக்காத சேவலைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சோதிக்க வேண்டிய சேவலை ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளோடு விடுங்கள். சாதாரண ஊர்ப் பெட்டை போதும். சேவல் சுமப்பதாக இருந்தால் குஞ்சுகளில் பாதிக்கு ஒற்றைக் கொண்டை வரும். சுமக்கும் சேவலுக்கு ஏழு குஞ்சு பிறந்து ஏழுக்கும் படிந்த கொண்டையே வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஒன்றே ஒன்று ஒற்றைக் கொண்டையோடு வந்தாலும் சேவல் சுமக்கிறது, சந்தேகமே வேண்டாம். இந்தக் குஞ்சுகள் கறிக்கு. சேவலுக்கு மட்டும் நற்சான்று.

உங்கள் பக்கம் கிளிமூக்கு விசிறிவால் வளர்ப்பவர்கள் அதிகம் என்பதால் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்கிறேன். கண்காட்சிக்காக அலகு இன்னும் வளையட்டும், இன்னும் குட்டையாகட்டும் என்று ஒரே குறிப்பிட்ட சேவலின் மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்றே எல்லோரும் தேடுகிறார்கள். விலை ஏற ஏற இது கூடுகிறது. ஊர் முழுக்க ஒரே தகப்பன் வழி பரவினால், முதல் கேள்விக்குச் சொன்ன கணக்கு ஊர் முழுக்கவே பொருந்தும். அழகை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சேவல் கழுத்தைத் தூக்கி வாலை விரித்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். தரையில் தீனி பொறுக்கத் தெரியாத அலகையும், தானாகச் சேர முடியாத சேவலையும் மட்டும் விருத்திக்கு வைக்காதீர்கள். நான்கைந்து வழிகளைத் தனித்தனியாகக் காப்பாற்றுங்கள்.

கடக்நாத் என்று வாங்கிய கோழிகளின் குஞ்சுகளில் சிலவற்றுக்குத் தோல் வெளுப்பாக இருக்கிறது. அசல்தானா?
வாசகர், பொள்ளாச்சி

பெரும்பாலும் கலப்பு. கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்துக் கோழி. 2018இல் அதன் கறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல், எலும்பு உறை, உள்ளுறுப்பு வரை கறுப்பேறும் அந்தக் குணம் ஓங்கும் குணம் என்பதால், வேறு கோழியோடு ஒருமுறை சேர்ந்தாலே கருந்தோல் குஞ்சுகள் வந்துவிடும். அதைக் கடக்நாத் என்று விற்றுவிடலாம். கலப்பு வெளிப்படுவது நீங்கள் பார்த்தது போல அடுத்த தலைமுறையில்தான். வெளுத்தவற்றையும் அவற்றின் பெற்றோரையும் விருத்தியிலிருந்து எடுத்துவிடுங்கள். அதைவிட, அது எந்த வழி என்று எழுதிக் கொடுக்கும் இடத்திலிருந்து புதிதாகத் தொடங்குவது நல்லது.

தடுப்பூசி போடாமல் விட்டு, வெள்ளைக்கழிச்சலில் பிழைத்ததை மட்டும் வைத்து விருத்தி செய்தால் நோய் எதிர்ப்புள்ள கோழி உருவாகும் என்கிறார் நண்பர். சரியா?
வாசகர், கொட்டாம்பட்டி

வேண்டவே வேண்டாம். கேட்கும்போதே பதறுகிறது.

பிழைத்த கோழிக்கு எதிர்ப்பு ரத்தத்தில்தான் இருந்தது என்று எப்படித் தெரியும்? அன்றைக்கு மரத்தில் அடைந்திருக்கலாம், கிருமி குறைவாகப் போயிருக்கலாம், தாயிடமிருந்து முட்டை வழியாக வந்த எதிர்ப்புப் பொருள் மிச்சம் இருந்திருக்கலாம். பிழைத்தவை தாமே பெற்ற எதிர்ப்பு, பேரக்குஞ்சுக்குப் போகாது. வீரியமான வெள்ளைக்கழிச்சல் வந்தால் தடுப்பூசி போடாத மந்தையில் பத்தில் எட்டு ஒன்பது போய்விடும். அதோடு நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த தாய் வழி, நல்ல சேவல், பொரிப்புக் குணம் எல்லாம் ஒரு வாரத்தில் காலி. மிஞ்சும் இரண்டு மூன்றை வைத்து மறுபடி தொடங்கினால் ரத்தம் நெருங்கி, நோயைவிட மெதுவாக அதுவே மந்தையை அழிக்கும்.

குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி. அரசு கால்நடை மருந்தகங்களில் கேளுங்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாம் பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். அன்று காலை கோழிகளைத் திறந்துவிடாமல் வைத்திருங்கள். தோட்டம் முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தால் ஊசி போட வந்தவர் எவ்வளவு நேரம்தான் நிற்பார்?

உங்களிடமிருந்து அடை முட்டை வாங்கி பஸ்ஸில் கொண்டுவர முடியுமா? எத்தனை நாள் தாங்கும்?
வாசகி, தேவகோட்டை

முடியும். இட்டு ஏழு நாளுக்குள் அடைக்குப் போய்விட வேண்டும். கூர்முனை கீழே இருக்கும்படி உமியிலோ மரத்தூளிலோ பதித்துக் கொண்டுபோங்கள். அழுக்கு முட்டையைக் கழுவ வேண்டாம், அதை எடுக்கவே வேண்டாம். வீட்டுக்குப் போனதும் ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அடையில் வையுங்கள். முட்டைக்குச் சரியான குளிர்ச்சி 15 முதல் 18 டிகிரி. நம் வீடுகளில் ஈரமணல் மேல் மண்பானை வைத்து அதற்குள் வைப்பதுதான் அதற்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வரும். சிறுவிடைக்குப் பத்து, பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைக்காதீர்கள். ஓரத்து முட்டை சூடு போதாமல் கெடும். சித்திரை வெயிலில் பஸ்ஸில் முட்டை வேண்டாம். புரட்டாசியில் ஒரு கடிதம் போடுங்கள், வெவ்வேறு தாயின் முட்டையாக எடுத்து வைக்கிறேன்.